ஐந்தாகப் பிரிந்த நகரமும் யாருக்கும் பொறுப்பில்லாத வீடும்

2025 செப்டம்பர் 2 அன்று பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எனத் திசைப் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுக்கு மேலே, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட பெருநகரப் பெங்களூரு ஆணையம் அமர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த விவாதங்களில் பெரும்பாலானவை வருவாயையும் அதிகாரத்தையும் பற்றியவை: தொழில்நுட்பப் பூங்காக்களின் சொத்துவரி எந்த மாநகராட்சிக்குச் சேரும், எந்தச் சட்டமன்றத் தொகுதி எந்தப் பக்கம் போகும், மேயர் பதவிகள் எத்தனை, ஊழியர்கள் எப்படிப் பங்கிடப்படுவார்கள். இவற்றுக்கிடையில் அரிதாகவே எழுந்த ஒரு கேள்வி உண்டு. வீடற்ற குடும்பம் ஒன்று பொதுவீடு கேட்டு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது எது?

இக்கேள்விக்கு விடை இல்லாமல் செய்யப்படும் இணைப்பும் பிரிப்பும் ஏழைகளைப் பொறுத்தவரை ஒன்றே. அண்டை உள்ளாட்சிகள் தம் பொதுவீட்டுப் பணிகளை ஒன்றிணைக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். ஆனால் 'ஒன்றிணைத்தல்' என்ற பெயரில் இதுவரை நடந்தவற்றையும், இன்று பரிந்துரைக்கப்படுபவற்றையும் அப்படியே ஏற்க முடியாது. ஒன்றாக வேண்டியது காத்திருப்போர் பட்டியல், நிதி, நிலம். அருகில் இருக்க வேண்டியது விண்ணப்பம் கொடுக்கும் வாசலும் கேள்வி கேட்கும் மன்றமும். இவ்விரண்டையும் தலைகீழாக்கியதே பெங்களூரின் வரலாறு.

ஸ்ரீராம்புரம் நிற்கும் இடம்

இதைப் புரிந்துகொள்ள ஸ்ரீராம்புரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஒரு பக்கம் மல்லேசுவரம், மறுபக்கம் ராஜாஜிநகர், தெற்கே ஓக்கலிபுரமும் ரயில் பாதைகளும். பஞ்சாலைகளை நம்பி வளர்ந்த நகரப் பகுதி இது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியும்கூட. அவர்களுக்கு வேலை தந்த ஆலைகள் மறைந்துவிட்டன. மல்லேசுவரத்து ராஜா மில் நிலத்தில் இன்று மந்திரி ஸ்கொயர் வணிக வளாகம் நிற்கிறது. பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. 2014இல் பச்சை வழித்தட மெட்ரோ வந்தபோது ஸ்ரீராம்புரத்துக்குத் தன் பெயரிலேயே ஒரு நிலையம் கிடைத்தது. நிலத்தின் விலை ஏறியது. அந்த நிலத்தில் வாடகைக்கு இருப்பவரின் நிலைமை மட்டும் ஏறவில்லை.

புதிய பிரிவினையில் காந்திநகர்த் தொகுதி மத்திய மாநகராட்சியில் சேர்ந்தது. ராஜாஜிநகர், மல்லேசுவரம் தொகுதிகள் மேற்கு மாநகராட்சியில் சேர்ந்தன. இம்மூன்று தொகுதிகளும் கூடுமிடத்தின் விளிம்பில்தான் ஸ்ரீராம்புரமும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளும் உள்ளன. நேற்றுவரை ஒரே மாநகராட்சிக்கு உட்பட்டிருந்த பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் இனி வெவ்வேறு ஆணையர்களிடம் மனு கொடுக்க வேண்டும். ஒரு தெருவில் வாடகை ஏறி இரண்டு தெரு தள்ளிக் குடிபெயரும் குடும்பம், தான் அறியாமலேயே ஒரு மாநகராட்சியிலிருந்து இன்னொன்றுக்குக் 'குடியேறி' விடுகிறது. அடையாள அட்டையில் முகவரி ஒன்று, வாடகை ஒப்பந்தத்தில் இன்னொன்று என்றாகும்போது அதன் பழைய மனுவுக்கு என்ன மதிப்பு? 'உள்ளூர்வாசி' என்ற தகுதி எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும்?

இக்குடும்பங்கள் வசிக்கும் வீடுகளின் இயல்பையும் சொல்ல வேண்டும். கன்னடத்தில் 'வட்டாரா' எனப்படும் ஒண்டுக்குடித்தன வளாகங்கள், மாடிமேல் மாடியாக எழுப்பிய ஓரறை வீடுகள், மாத வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை கொடுத்துத் தங்கும் 'லீஸ்' வீடுகள் ஆகியவையே இங்கு மிகுதி. இவர்களில் பலர் சட்டத்தின் கண்ணில் 'குடிசைவாசி' அல்லர். நிலத்தின் மீது எந்த உரிமையும் இல்லாத வாடகைதாரர்கள் அவர்கள். குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்கு வரும் திட்டம் அவர்களின் வாசலைத் தொடாது. நடுத்தர வகுப்பினருக்கான மனை ஒதுக்கீடு அவர்களின் கைக்கு எட்டாது.

கதவுகள் பல, பதில் சொல்பவர் இல்லை

பெங்களூரில் பொதுவீடு கேட்டு ஒருவர் எங்கே போக வேண்டும்? 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் உருவான குடிசை மாற்று வாரியம், இன்றைய பெயரில் கர்நாடகக் கொளகேரி அபிவிருத்தி மண்டலி, அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதிகளைக் கவனிக்கும். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையம் மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்கும். 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கர்நாடக வீட்டுவசதி வாரியம் தனக்கென லேஅவுட்களைப் போடும். ஊரகம் என்ற சொல்லைப் பெயரிலேயே சுமந்திருக்கும் ராஜீவ் காந்தி ஊரக வீட்டுவசதிக் கழகம்தான், வியப்பூட்டும் வகையில், தலைநகரின் ஏழைகளுக்கான ஒரு லட்சம் பன்மாடி வீட்டுத் திட்டத்தையும் நடத்துகிறது. மாநகராட்சியின் நலப்பிரிவு தனிவீடு கட்ட மானியம் தரும். அதற்கு மனை சொந்தமாக இருக்க வேண்டும். ரயில்வே நிலத்தில் குடிசை இருந்தால் மாநில அமைப்புகள் மத்திய அரசின் ஒப்புதலை நோக்கிக் கைகாட்டும்.

ஒவ்வோர் அமைப்புக்கும் தனி விண்ணப்பம், தனித் தகுதி, தனிப் பட்டியல். ஒன்றில் கொடுத்த மனு இன்னொன்றுக்குத் தெரியாது. இவை அனைத்திலும் மனு கொடுத்தவர் எத்தனை பேர், எவர் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறார் என்பதை நகர் முழுவதற்கும் ஒரே இடத்தில் பார்க்கும் வழி மக்களுக்கு இல்லை. பெங்களூரின் அலுவலகங்களில் மிகச் சாதாரணமாகக் கேட்கக் கிடைக்கும் கன்னட வாக்கியம் ஒன்று உண்டு: 'நம்ம வியாப்திகெ பரல்ல.' எங்கள் எல்லைக்குள் வராது என்பது அதன் பொருள். 'வியாப்தி' என்ற வடசொல்லுக்குப் பரவியிருத்தல், எங்கும் நிறைந்திருத்தல் என்று பொருள். எங்கும் நிறைதலைக் குறித்த சொல், ஆட்சிமொழிக்கு வந்ததும், எதற்கும் பொறுப்பில்லை என்று சொல்லும் வேலியாகிவிட்டது.

மொழியில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தமிழில் 'இணைகிறது' தன்வினை, 'இணைக்கிறது' பிறவினை. இரண்டாவதைச் சொன்னால் யார், எதை, எதனோடு என்று மூன்று கேள்விகள் எழும். அரசு ஆவணங்கள் மூன்றாவது வடிவத்தையே விரும்பும்: 'இணைக்கப்படுகிறது', 'ஒப்படைக்கப்படும்', 'பரிசீலிக்கப்படும்'. செயப்பாட்டு வினையில் எழுவாய் மறையலாம். இலக்கணம் அதை அனுமதிக்கிறது. நிர்வாகம் அதை அனுமதிக்கக் கூடாது. வீட்டுவசதி குறித்த எந்த அறிவிப்பையும் எடுத்து, அதன் வினைகளுக்கெல்லாம் எழுவாய் தேடிப் பார்த்தால், பொறுப்பேற்கும் அமைப்பு எது என்ற இடத்தில் வெற்றிடம் தெரியும்.

இணைப்பின் வரலாறு: சேர்ந்தது வரி, சேராதது கடமை

பெங்களூருக்கு இணைப்பு புதிதன்று. 1949இல் நகர நகராட்சியும், தமிழர் மிகுந்திருந்த கண்டோன்மென்ட் பகுதியின் நகராட்சியும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1945இல், நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் தனியே அமைந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குக் குப்பையும் தெருவிளக்கும். நிலமும் மனையும் நியமன வாரியத்துக்கு. இந்தப் பிளவின் வாரிசுதான் இன்றைய வளர்ச்சி ஆணையம். நகரம் ஒன்றானபோதும் வீடு அந்த ஒற்றுமைக்கு வெளியே நின்றது.

2007இல் நடந்தது இன்னும் பெரிய இணைப்பு. நூறு வார்டுகள் கொண்ட பெங்களூரு மகாநகர பாலிகையுடன் ஏழு நகராட்சிகள், கெங்கேரிப் பேரூராட்சி, 110 கிராமங்கள் சேர்ந்து, 'புருகத்' என்ற அடைமொழியுடன் புதிய மாநகராட்சி பிறந்தது. திட்டமிடல் எளிதாகும், சேவைகள் சமமாகும் என்று சொல்லப்பட்டது. அந்த 110 கிராமங்களின் சொத்துவரி உடனே மாநகராட்சியின் கணக்குக்கு வந்தது. அவற்றுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2024 அக்டோபரில். வரி சேர ஒரு நாள். நீர் சேரப் பதினேழு ஆண்டுகள். குடிநீருக்கே இந்தக் கதி என்றால் வீட்டுவசதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இணைந்த ஏழு நகராட்சிகளின் ஏழைகளுக்கும் பழைய நகரின் ஏழைகளுக்கும் பொதுவான காத்திருப்போர் பட்டியல் அன்றும் உருவாகவில்லை.

அந்தப் பெரிய மாநகராட்சி தன் கையிலிருந்த வீடுகளை எப்படிப் பேணியது என்பதற்கு ஈஜிபுரமே சான்று. கோரமங்கலத்தை ஒட்டி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி கட்டிய 1,512 வீடுகள் அங்கு இருந்தன. பராமரிப்பின்றிக் கட்டடங்கள் சிதைந்தன. சில இடிந்து விழுந்தன. அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2013 ஜனவரியில் காவல் துறையின் துணையோடு வெளியேற்றப்பட்டன. நிலத்தில் ஒரு பகுதியைத் தனியார் வணிக வளாகத்துக்குக் கொடுத்து, மீதியில் வீடு கட்டித்தரச் செய்வது என்பதே திட்டம். அளவில் பெரிய அமைப்பு என்பதால் மட்டும் பொறுப்பு வந்துவிடாது என்பதை அந்தக் குளிர்காலம் காட்டியது.

முதல் எதிர்வாதம்: சிறியதே அணுக்கமானது

உள்ளாட்சித் தன்னாட்சியை மதிப்பவர்கள் இணைப்பை அஞ்சுகிறார்கள். அவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. 74ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகர்ப்புற வறுமை ஒழிப்பையும் நகராட்சிகளின் பணிகளாகவே குறிக்கிறது. அப்பணிகளை மாநில வாரியங்கள் தம்மிடமே வைத்திருப்பது அந்தத் திருத்தத்தின் உணர்வுக்கு முரணானது. எனவே ஐந்து மாநகராட்சிகளும் தத்தம் வீட்டுவசதியைத் தாமே கவனிக்கட்டும் என்கிறார்கள் அவர்கள்.

ஆனால் வீட்டுவசதிக்குத் தேவையான நிலமும் பணமும் ஐந்து மாநகராட்சிகளிலும் சமமாக இல்லை. தகவல் தொழில்நுட்ப வழித்தடங்களைத் தன்னுள் கொண்ட கிழக்கின் சொத்துவரித் தளமும் பழைய நெருக்கடி மிகுந்த மத்தியப் பகுதியின் தளமும் ஒன்றல்ல. காலி நிலம் விளிம்புகளில் இருக்கிறது. வீடு தேவைப்படுவோர் நடுவில் நெருங்கி வாழ்கின்றனர். ஒவ்வொரு மாநகராட்சியும் தன் எல்லைக்குள் மட்டுமே பார்த்தால், நிலமில்லாத மாநகராட்சி தன் ஏழைகளை நிலமுள்ள அண்டையிடம் தள்ளும். அந்த அண்டையோ தன் கதவை அடைத்துக்கொள்ளும்.

இது கற்பனை அச்சமன்று. சென்னை இதைச் செய்து காட்டியிருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின், அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் அங்கே ஒரே இடத்தில் குவிக்கப்பட்டன. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி விரிந்தபோது பெரும்பாக்கம் சேர்க்கப்படவில்லை. கிராம ஊராட்சியாகவே விடப்பட்டது. மாநகராட்சி தன் எல்லைக்குள் இருந்த ஏழைகளை எல்லைக்கு வெளியே வைத்தது. ஒரு சிற்றூராட்சி திடீரென ஒரு நகரத்தையே சுமக்க நேர்ந்தது. குப்பை, தெருவிளக்கு, பள்ளி, மருத்துவம் என ஒவ்வொன்றுக்கும் வாரியத்தைக் கேட்பதா ஊராட்சியைக் கேட்பதா என்று குடும்பங்கள் அலைந்தன. பேருந்துக்கும் நேரத்துக்கும் ஆன செலவில் வீட்டுவேலையும் கூலிவேலையும் கைவிட்டுப் போயின.

சிறிய அமைப்பு அணுக்கமானதுதான். அந்த அணுக்கமே பாகுபாட்டின் கருவியாகவும் ஆகலாம். வட அயர்லாந்தில் 1960களில் வீடுகளை ஒதுக்கியவை சிறு உள்ளாட்சி மன்றங்கள். ஒதுக்கீடு பல இடங்களில் மதச் சார்போடு நடந்தது. வீடு வாக்குரிமையோடு பிணைந்திருந்ததால் அது அதிகாரக் கணக்காகவும் இருந்தது. 1968 ஜூனில் கலிடன் என்ற சிற்றூரில், குழந்தைகளோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி, மணமாகாத பத்தொன்பது வயதுப் பெண்ணொருவருக்கு வீடு ஒதுக்கப்பட்டது. ஆஸ்டின் கரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து அமர்ந்தார். குடியுரிமை இயக்கத்துக்கு அது பொறியானது. 1971இல் அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் வீட்டுவசதிப் பொறுப்பு ஒரே அமைப்புக்கு மாற்றப்பட்டது. தேவையை மதிப்பெண்ணாகக் கணக்கிட்டு ஒதுக்கும் முறை வந்தது. அண்டை உள்ளாட்சிகளின் வீட்டுப்பணியை இணைப்பது செலவைச் சுருக்கும் உத்தியாக அங்கே தொடங்கவில்லை. நீதி கேட்டு எழுந்த போராட்டத்தின் விளைவு அது. சாதியும் மொழியும் கட்சியும் வார்டு அலுவலகத்தில் பேசும் ஒரு நாட்டுக்கு இது தொலைவான பாடமன்று.

இரண்டாம் எதிர்வாதம்: எல்லாவற்றையும் ஒரே வாரியத்திடம் கொடுத்துவிடலாம்

எதிர்த்திசையில் நிற்பவர்கள் நிர்வாகத் திறனை முன்வைப்போர். மாநில அளவில் குடிசை மாற்று வாரியம் ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே இணைப்புதானே, அதை வலுப்படுத்தினால் போதாதா என்பது அவர்களின் கேள்வி.

போதாது. முதற்காரணம், வாரியத்தின் கடமை ஒரு சொல்லில் தொங்குகிறது: 'அறிவிக்கப்பட்ட'. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்கீழ் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால்தான் சட்டத்தின் பாதுகாப்பும் வாரியத்தின் திட்டங்களும் முறையாகத் தொடங்கும். அறிவிக்கப்படாத இடத்தில் வறுமை இருக்கலாம், குடிசை இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் குடிசைப் பகுதி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சி மக்களில் சுமார் 28 விழுக்காட்டினர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாகவும், பெங்களூரில் சுமார் 8 விழுக்காட்டினரே அவ்வாறு வாழ்வதாகவும் பதிவாயிற்று. இரு நகரங்களின் வறுமையில் அத்தனை வேறுபாடு இருக்கிறதென்று இரு நகரங்களிலும் நடந்தவர் எவரும் நம்ப மாட்டார். அந்த வேறுபாட்டில் ஒரு பங்கேனும் பெயரிடும் முறையிலிருந்து வருவது. பெயரிடப்படாதது எண்ணப்படுவதில்லை, எண்ணப்படாததற்கு நிதி இல்லை.

இரண்டாம் காரணம், மேலே குவிந்த இணைப்பு எவருக்கும் வாக்கால் கட்டுப்பட்டதன்று. தமிழ்நாட்டின் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பதே அதன் நோக்கமாக இருந்தது. அக்காலத்து அடுக்குகள் சென்னையின் நடுப்பகுதியில் இன்றும் நிற்கின்றன. 2000க்குப் பின் அதே வாரியம்தான் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அனுப்பியது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அமைப்பு ஒன்றே, நோக்கம் திரும்பியபோது தடுக்கும் இடத்தில் வார்டு மன்றம் எதுவும் இல்லை. அனுப்பும் பகுதியின் உறுப்பினருக்கும் வாக்கில்லை, ஏற்கும் ஊராட்சியின் தலைவருக்கும் வாக்கில்லை.

பெங்களூரில் நிலைமை இதைவிட மோசம். மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின், ஐந்தாகப் பிரியும் வரை, தேர்தல் நடக்கவில்லை. ஐந்து புதிய மாநகராட்சிகள் பிறந்த அன்று அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஒரு மாநகராட்சியின் எல்லையை ஐந்தாக வரைந்தவர்கள், அந்த எல்லைக்குள் வாழ்பவரின் வாக்குக்கு ஐந்து ஆண்டுகளாக இடம் தரவில்லை.

விரிசல்களில் வாழ்பவர்கள்

எல்லைகளுக்கு இடையிலான விரிசலில் ஒரு மக்கள் கூட்டம் முழுவதுமே விழுந்துவிடலாம் என்பதற்குத் தமிழ் வாசகர் அறிந்த சான்று இலங்கை மலையகம். தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோர் வாக்களித்தார்கள். அவர்களின் ஊர் பிரதேச சபையின் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டம் நிர்வாகத்தின் பொறுப்பு என்றது சபை; பாதையும் வடிகாலும் உள்ளாட்சியின் பொறுப்பு என்றது நிர்வாகம். சட்டத்தைத் திருத்த 2018 வரை ஆயிற்று. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு சமூகத்தின் லயங்கள், வரைபடத்தில் உள்ளும் வரவுசெலவுத் திட்டத்தில் வெளியுமாக இருந்தன.

ரயில் பாதையோரக் குடிசைகளும் ஸ்ரீராம்புரத்து ஒண்டுக்குடித்தனங்களும் இதே வகையான விரிசலில்தான் இருக்கின்றன. நிலம் மத்திய அரசுடையது அல்லது தனியாருடையது, வாக்கு மாநிலத்துக்கு, குப்பை மாநகராட்சிக்கு, வீடு எவருக்கும் இல்லை. ராஜா மில்லும் பின்னி மில்லும் கைமாறிய காலத்தில், அந்த ஆலைகளால் உருவான தொழிலாளர் பகுதிகளுக்கு அந்நிலத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று சட்டப்படி வாதாடக் கடமைப்பட்ட நகர்மட்ட வீட்டுவசதி அமைப்பு எதுவும் இல்லை. நிலம் இல்லாததால் வீடு இல்லை என்று இன்று சொல்லப்படுகிறது. நிலம் இருந்தபோது கேட்கும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லை என்பதே உண்மை.

ஒரு மூன்றாம் அச்சமும் உண்டு. அது பெரும்பாலும் தாழ்ந்த குரலில் பேசப்படுகிறது. நகர் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்றால், எண்ணிக்கையிலும் மொழியிலும் வலுவற்றோர் அடியில் தள்ளப்படுவர் என்று சிறுபான்மையினர் அஞ்சுகின்றனர். 'வெளியூர்க்காரர்' என்ற சொல் நான்கு தலைமுறையாக இங்கிருப்பவர் மீதும் வீசப்படும் நகரில் இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் சிதறிய பட்டியல்கள் அவர்களைக் காத்ததில்லை. வார்டு தோறும் இடைத்தரகர் ஒருவர், அவருக்குத் தெரிந்த பெயர்கள் சில என்று நடக்கும் முறையே அவர்களை மிகுதியும் வெளியே நிறுத்துகிறது. வெளிப்படையான மதிப்பெண் முறை மட்டுமே மொழியைக் கேட்காது, தேவையைக் கேட்கும். அதோடு, ஆட்சிமொழியான கன்னடத்தில் தரப்படும் ஒப்புகைச் சீட்டு தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் விளக்கப்படுவது ஆட்சிமொழிக்கு எந்த இழுக்கையும் செய்யாது. படித்தறிய முடியாத சீட்டு உரிமைச் சான்றாகாது.

எது ஒன்றாக வேண்டும், எது அருகில் இருக்க வேண்டும்

பெருநகரப் பெங்களூரு ஆணையம் ஒருங்கிணைப்புக்காகவே அமைக்கப்பட்டது. அந்த அதிகாரத்தைச் சாலைக்கும் சுரங்கப்பாதைக்கும் மட்டும் பயன்படுத்துவது அரசியல் தேர்வு. தொழில்நுட்பக் கட்டாயம் அல்ல. வீட்டுவசதிக்கு அது செய்ய வேண்டியவை தெளிவானவை.

ஒன்று: ஐந்து மாநகராட்சிகளுக்கும், அவற்றைச் சூழ்ந்த நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும், வாரியத்துக்கும் வளர்ச்சி ஆணையத்துக்கும் கழகத்துக்கும் பொதுவான ஒரே காத்திருப்போர் பதிவேடு. எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் அது அதே பதிவேட்டில் ஏற வேண்டும். மனு கொடுத்த நாள், குடும்பம் எல்லை தாண்டிக் குடிபெயர்ந்தாலும் மாறக் கூடாது. 'வியாப்திக்கு வராது' என்ற பதில் சட்டப்படி செல்லாததாக வேண்டும்.

இரண்டு: பதிவேட்டில் இடம்பெற 'அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதி' என்ற நிபந்தனை இருக்கக் கூடாது. வாடகைதாரர், நடைபாதைவாசி, ரயில்வே நிலத்தில் இருப்பவர் ஆகிய அனைவரும் தேவையின் அடிப்படையில் மதிப்பெண் பெற வேண்டும். மதிப்பெண் விதிகளும், பெயர் மறைத்த வரிசை எண்களும் ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

மூன்று: வளமான மாநகராட்சியின் வருவாயில் ஒரு பங்கு பொது வீட்டுநிதிக்கு வர வேண்டும். ஒரு மாநகராட்சியின் குடும்பம் இன்னொன்றின் எல்லையில் வீடு பெற்றால், அக்குடும்பத்தின் பள்ளிக்கும் நீருக்கும் மருத்துவத்துக்குமான பணம் அக்குடும்பத்தோடே செல்ல வேண்டும். பெரும்பாக்கத்தில் மக்கள் சென்றார்கள். அதற்கு ஈடான பொறுப்பும் பணமும் செல்லவில்லை.

நான்கு: குடும்பத்தின் எழுத்துவழி ஒப்புதலும், ஏற்கும் உள்ளாட்சியின் மன்றத் தீர்மானமும் இன்றி எல்லை தாண்டிய இடமாற்றம் எதுவும் கூடாது. இருக்கும் இடத்திலேயே வீடு என்பதே முதல் தேர்வாக வேண்டும். அது இயலாதபோது, ஏன் இயலாது என்பதை அதிகாரி எழுவாயோடு கூடிய வாக்கியத்தில் எழுத வேண்டும்.

ஐந்து: கட்டிய வீட்டின் பராமரிப்பு எவருடைய கடமை என்பது ஒப்படைக்கும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். ஈஜிபுரம் கட்டப்பட்ட விதத்தைக் காட்டிலும் பேணப்படாத விதத்தால் இடிந்தது.

ஆறு: இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனையாக, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் வார்டுக் குழுக்களும். பட்டியல் நகர அளவில் இருக்கலாம். பட்டியலைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடம் நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும், காலமாகும் என்று சொல்லப்படும். ஐந்து மாநகராட்சிகளுக்கும் புதிய பெயர்ப்பலகை, புதிய முத்திரை, புதிய அலுவலகம் அமைக்கச் செலவும் காலமும் கிடைத்தன. சொத்துவரிக் கணக்குகள் ஒரு ரூபாய் பிசகாமல் ஐந்தாகப் பிரிக்கப்படுகின்றன. வீட்டின் உரிமையாளர் எந்த மாநகராட்சிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தெருவாரியாகச் சொல்லத் தெரிந்த அரசால், வீடற்றவருக்கு எவர் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் தெருவாரியாகச் சொல்ல முடியும்.

ஸ்ரீராம்புரத்தின் இருபுறமும் இனி இரண்டு மாநகராட்சிகள். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் கொடுத்த மனுவுக்கு அந்தப் பக்கத்திலும் அதே வரிசை எண் செல்லுபடியாகும் நாளில்தான் அவை ஒரே நகரின் மாநகராட்சிகள் என்று சொல்ல முடியும்.